ஒரு தாய் மக்கள், இரண்டு இனப் பதிவுகள்: ‘தி ப்ளட் நாட்’ மேடையேற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

1961 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஜோகன்னஸ்பர்க் நகரின் எலாஃப் தெருவில் கறுப்பின இசைக்கலைஞர்களும் நடிகர்களும் கூடிப் பயின்றுவந்த டோர்கே ஹவுஸ் கட்டடத்தில், ‘ஒத்திகை அறை’ என்றே அழைக்கப்பட்ட ஓர் அரங்கில், அழைப்பின் பேரில் வந்திருந்த சிறு கூட்டத்தின் முன்னால் ‘தி ப்ளட் நாட்’ நாடகம் முதன்முறையாக நடிக்கப்பட்டது. அதில் பாத்திரங்கள் இரண்டுதான். வெள்ளையன் என்று சொல்லித் தப்பிவிடக்கூடிய அளவு வெளிர்நிறம் கொண்ட மாரிஸாக, நாடகத்தை எழுதி இயக்கிய 29 வயது அத்தோல் ஃபியூகார்ட் நடித்தார். அவனுடைய கருநிறச் சகோதரன் சகரையாவாக, அதுவரை சாக்ஸபோன் கலைஞராக அறியப்பட்டிருந்த 27 வயது ஸேக்ஸ் மொகாய் நடித்தார். வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக மேடையில் நிற்பதைத் தென்னாப்பிரிக்கப் பார்வையாளர்கள் அதற்கு முன் கண்டதில்லை எனலாம். இந்த ஆய்வு நாடகப் பிரதியின் இலக்கியத் தகுதியைப் பற்றியது அன்று. யார் எந்தப் பாத்திரத்தை ஏற்றார்கள், எந்தக் கூட்டத்தின் முன் நடித்தார்கள், எந்தச் சட்டத்தின் நிழலில் நடித்தார்கள் என்பவை அந்தப் பிரதியின் பொருளை எவ்வாறு மாற்றின என்பதைப் பற்றியது.

நாடகத்தின் கரு கற்பனையான மிகை அன்று என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டும். 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் நாட்டிலிருந்த ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் கீழ் எழுதிவைத்தது. வெள்ளையர் யார் என்பதை அச்சட்டம் பிறப்பைக் கொண்டு மட்டும் முடிவு செய்யவில்லை; தோற்றத்தையும், அக்கம்பக்கத்தார் அவரை எவ்வாறு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அளவுகோலாக வைத்தது. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து இனத்தைத் தீர்மானித்த அதிகாரிகளும் இருந்தார்கள். இத்தகைய அளவுகோலின் கீழ், ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளில் ஒருவர் ஒரு பிரிவிலும் மற்றவர் வேறொரு பிரிவிலும் பதிவாவது நடக்கக்கூடியதாக இருந்தது மட்டுமல்ல, நடந்தும் இருக்கிறது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவர்களின் வழித்தோன்றல்களும் இந்தப் பதிவேட்டுக்குத் தப்பவில்லை. 1959ஆம் ஆண்டின் அறிவிப்பு ‘கலப்பினத்தவர்’ என்ற பெரும்பிரிவைக் கூறுபோட்டபோது, அதற்குள் ‘இந்தியர்’ என்பதும் ஓர் உட்பிரிவாக வைக்கப்பட்டது. எங்கே குடியிருக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம், யாரைத் திருமணம் செய்யலாம், பூங்காவில் எந்தப் பலகையில் உட்காரலாம் என்ற எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைப் பதிவே ஆதாரம்.

ஃபியூகார்ட் இந்த இயந்திரத்தை உள்ளிருந்து பார்த்தவர். 1958இல் ஃபோர்ட்ஸ்பர்க்கில் இருந்த ‘சுதேசிகள் ஆணையர்’ நீதிமன்றத்தில் சில மாதங்கள் எழுத்தராக வேலை செய்தார். கறுப்பினத்தவர் நகரத்துக்குள் நடமாடுவதற்குக் கட்டாயமாக்கப்பட்டிருந்த அனுமதிச் சீட்டு தொடர்பான வழக்குகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுவிட நேரமின்றித் தீர்க்கப்பட்டன. அதே ஆண்டில், ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதியான சோஃபியாடவுன் நண்பர்களோடு சேர்ந்து அவர் மேடையேற்றிய ‘நோ-குட் ஃப்ரைடே’ நாடகத்தில் நேர்ந்தது நம் ஆய்வுக்கு முக்கியமானது. அதில் வரும் வெள்ளைப் பாதிரியாராக ஃபியூகார்டே நடித்தார். நாடகம் வெள்ளையர்களுக்கான ப்ரூக் அரங்குக்குச் சென்றபோது, கறுப்பின நடிகர்களோடு அவர் ஒரே மேடையில் நிற்க முடியாது என்பதால், எழுத்தாளர் லூயிஸ் என்கோசி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். வெள்ளைப் பாதிரியாராக ஒரு கறுப்பினத்தவர் நடிப்பதில் அரங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. வெள்ளைப் பாதிரியாராக ஒரு வெள்ளையர் நடிப்பதே பிரச்சினையாக இருந்தது. பாத்திரத்தின் நிறத்தைவிட நடிகரின் பதிவேட்டு நிறமே அங்கே கணக்கில் வந்தது. மூன்றாண்டுகள் கழித்து ‘தி ப்ளட் நாட்’ இந்தப் புள்ளியைத்தான் நாடகத்தின் உள்ளே கொண்டுவந்தது.

கதை போர்ட் எலிசபெத் நகரின் ஓரத்தில், கோர்ஸ்டன் என்ற வெள்ளையரல்லாதோர் குடியிருப்பில் நடக்கிறது. போர்ட் எலிசபெத் கார்த் தொழிற்சாலைகளின் ஊர். உதிரிபாகங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளின் பலகைகளைக் கொண்டே கோர்ஸ்டன் மக்கள் குடிசை கட்டினார்கள். அத்தகைய பலகையும் தகரமும் கொண்ட ஒற்றை அறையில் இரண்டு கட்டில்கள், ஓர் அடுப்பு, ஓர் அலாரக் கடிகாரம். சகரையா ஒரு பூங்காவின் வாயிலில் நின்று கறுப்பினக் குழந்தைகள் உள்ளே வராமல் விரட்டும் வேலை பார்க்கிறான். நாள் முழுதும் நின்ற கால்களோடு அவன் வீடு திரும்பும் நேரத்துக்குச் சரியாகக் கடிகாரம் அடிக்கும். மாரிஸ் வெந்நீரில் உப்புப் போட்டு அவனுக்கு முன்னால் வைப்பான். எங்கெங்கோ சுற்றிவிட்டு ஓராண்டுக்கு முன் திரும்பி வந்த மாரிஸ், சமையலும் பைபிளும் சேமிப்புத் தகரமுமாக வீட்டை நடத்துகிறான். இருவருக்கும் மட்டுமான ஒரு சிறு பண்ணை வாங்குவது அவன் கனவு. சகரையாவுக்கோ பழைய நாட்களின் நண்பனும் குடியும் கிதார் இசையும் பெண்களும் நினைவில் நிற்கின்றன. அவன் ஏக்கத்தைத் தணிக்க மாரிஸ் கண்டுபிடித்த வழி, பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒரு பேனா நட்பைத் தேடிக்கொள்வது. எழுதப் படிக்கத் தெரியாத சகரையாவுக்காக மாரிஸ் எழுதும் கடிதத்துக்கு ஆட்ஸ்ஹூர்னிலிருந்து எதெல் என்ற இளம்பெண் பதில் போடுகிறாள். கூடவே புகைப்படமும் வருகிறது. அவள் வெள்ளைக்காரி. அவளுடைய அண்ணன்மாரில் ஒருவன் போலீஸ்காரன்.

இதிலிருந்து நாடகம் ஒரே நேர்க்கோட்டில் இறங்குகிறது. எதெல் ஊருக்கு வருவதாகவும் நேரில் பார்க்க வேண்டும் என்றும் எழுதுகிறாள். போக முடியாதவன் சகரையா. போகக்கூடிய நிறம் கொண்டவன் மாரிஸ். பண்ணைக்காகச் சேர்த்த பணம் முழுவதையும் எடுத்துச் சென்று, ஒரு வெள்ளைக் கனவானுக்கு வேண்டிய உடுப்பையும் தொப்பியையும் குடையையும் சகரையா வாங்கிவருகிறான். மாரிஸை அணியச் சொல்லி நடக்கப் பழக்குகிறான். இந்த ஒத்திகையின் நடுவில்தான், திட்டமிடாமல், மாரிஸின் வாயிலிருந்து வெள்ளையர் கறுப்பினத்தவர் மேல் வீசும் அந்த நிற வசை வந்து விழுகிறது. பிறகு எதெலுக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டதாகக் கடிதம் வருகிறது, சந்திப்பு இல்லையென்றாகிறது. உடுப்பு மட்டும் மிஞ்சுகிறது. வேண்டிய காரணம் போன பின்னும் இருவரும் அந்த விளையாட்டைத் தொடர்ந்து ஆடுவதுதான் கடைசிக் காட்சி.

மேடையேற்றத்தின் சோதனை முழுவதும் அந்தக் கடைசிக் காட்சியில்தான் இருக்கிறது. வெள்ளையனாக உடுத்திய மாரிஸும் பூங்கா வாயிலில் நிற்கும் சகரையாவும் எதிரெதிரே வருகிறார்கள். சிறுவயதில் உடைந்த காரில் ஏறி ஓட்டுவதுபோல் விளையாடிய இரண்டு பிள்ளைகளின் கும்மாளம் முதலில் தெரிகிறது. பிறகு மாரிஸ் அதட்டுகிறான், சகரையா பணிகிறான், குடை ஓங்கப்பட்டு அடியாக இறங்குகிறது. ஒரு கட்டத்தில் திசை மாறுகிறது. பணிந்தவன் நிமிர்ந்து, அடித்தவனை நோக்கி மெல்ல நகர்கிறான், மாரிஸ் சுருங்குகிறான். கொலை விழுந்துவிடும் என்ற நிலையில் கடிகாரம் அடிக்கிறது.

டோர்கே ஹவுஸில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்களின் கண்முன் இருந்ததை அடுக்கிப் பார்க்கலாம். சட்டப்படி வெள்ளையரான ஒருவர், சட்டப்படி வெள்ளையரல்லாத ஒருவனாக நடிக்கிறார். அந்த ஒருவன் வெள்ளையனாக நடிக்கிறான். நடிப்பு மேல் நடிப்பாக அடுக்கியதில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட, கடைசிக் காட்சியில் எஞ்சுவது குடையைக் கையில் பிடித்த ஒரு வெள்ளையரும் அடிபடும் ஒரு கறுப்பினத்தவரும்தான். கதைக்குள் அது விளையாட்டு. அரங்குக்கு வெளியே தெருவில் அது அன்றாடம். அதே அளவுக்கு முக்கியமானது அதன் எதிர்ப்பக்கம். மூன்று மணி நேரத்துக்கு மேல், ஒரு வெள்ளையர் ஒரு கறுப்பினத்தவரின் கால்களுக்கு வெந்நீர் கொண்டுவந்து வைப்பதையும், அவருக்குச் சமைப்பதையும், அவர் முகம் சுளித்தால் மனம் கலங்குவதையும் பார்த்துவிட்டே பார்வையாளர்கள் இந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்து ஓராண்டும் சில மாதங்களுமே ஆகியிருந்த நிலையில், மேடையில் எந்த முழக்கமும் எழாமலேயே இந்த இரண்டு காட்சிகளும் பேச வேண்டியதைப் பேசிவிட்டன. ஃபியூகார்ட் அந்தப் பாத்திரத்தை ஏற்றதற்கு வசதியின்மையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்; ஆனால் விளைவைப் பார்க்கும்போது அதைவிடப் பொருத்தமான நடிகர் தேர்வு இருந்திருக்க முடியாது என்பதே என் கணிப்பு.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். முதல் காட்சியிலிருந்து அது சாப்பாட்டையும் தூக்கத்தையும் பேச்சையும் முறிக்கும் எரிச்சலாகவே பழக்கப்படுத்தப்படுகிறது. அதனால்தான் முடிவில் அது உயிரைக் காப்பாற்றும்போது பார்வையாளர்களுக்கு அது செயற்கையான திருப்பமாகத் தோன்றுவதில்லை. இதை ஒலிப்பதிவிலிருந்து ஒலிபெருக்கி வழியாக ஒலிக்கவிடும் இயக்குநர்கள் பெரும் பிழை செய்கிறார்கள். மேடையில் நிற்கும் தகரக் கடிகாரத்தின் உள்ளிருந்து, நடிகர் கைவைத்து நிறுத்தும்வரை அடிக்கும் கரகரத்த மணிச் சத்தமே அந்த அறைக்கு உரியது.

முதல் நிகழ்ச்சிக்குப் பிறகு நாடக இயக்குநர் லியோன் க்ளக்மன் முன்னெடுப்பில் நாடகம் ஜோகன்னஸ்பர்க்கின் பொது மேடைக்கு வந்தது. பிறகு நாடு முழுவதும் ஏறத்தாழ ஆறு மாதம் பயணித்துச் சுமார் 140 முறை நடிக்கப்பட்டது. கலப்பு நடிகர் குழுவை வெளிப்படையாகத் தடுக்கும் சட்டம் அப்போது இல்லை. 1958இல் ப்ரூக் அரங்கில் நடந்தது அரங்க நிர்வாகங்களின் வழக்கத்தால் விளைந்தது. சட்டத்தில் இருந்த அந்த ஓட்டை வழியேதான் இந்தப் பயணம் நடந்தது. ஆனால் மேடைக்கு வெளியே எந்த ஓட்டையும் இல்லை. மாலையில் உடன்பிறப்புகளாக ஒரே அறையில் வாழ்ந்த இருவரும் அடுத்த ஊருக்குப் போகும்போது, ஃபியூகார்ட் முதல் வகுப்புப் பெட்டியிலும் மொகாய் மூன்றாம் வகுப்புப் பெட்டியிலும் ஏற வேண்டியிருந்தது. அரங்கங்களில் பார்வையாளர்களும் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஆக, இனத்தால் பிரிந்த சகோதரர்களைப் பற்றிய நாடகம் இனத்தால் பிரிந்த கூட்டங்களுக்கு முன்னால், இனத்தால் பிரிந்து பயணம் செய்த நடிகர்களால் நடத்தப்பட்டது. வெள்ளையர் மட்டுமே நிறைந்த அரங்கில் சகரையா நிமிர்ந்து மாரிஸை நெருங்கும்போது, கூட்டத்தின் பயம் முழுவதும் மாரிஸின் பக்கமே சாய்ந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. கலந்து உட்கார்ந்த கூட்டத்தில் அந்தப் பயத்தோடு வேறொன்றும் சேர்ந்திருக்கும். இரண்டு கூட்டங்களும் ஒரே நாடகத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே, 1962இல் ஃபியூகார்ட் பிரிட்டிஷ் நாடகாசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பிரித்து உட்காரவைக்கும் அரங்கங்களுக்குத் தங்கள் நாடகங்களை வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு பல நாடகாசிரியர்கள் அந்தப் புறக்கணிப்பில் கையெழுத்திட்டார்கள். அரசு வேறு திசையில் நகர்ந்தது. 1965 பிப்ரவரியில், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்த குடியிருப்புப் பகுதிகள் சட்டத்தின் கீழ் வந்த ஓர் அறிவிப்பு, அனுமதி இல்லாமல் கலப்புப் பார்வையாளர்களும் கலப்பு நடிகர்களும் கூடுவதைத் தடை செய்தது. டோர்கே ஹவுஸில் நடந்தது போன்ற ஒன்றை இனி நடத்துவது குற்றமாயிற்று. 1967இல் பிபிசி தொலைக்காட்சி இந்த நாடகத்தை ஃபியூகார்டின் நடிப்போடு ஒளிபரப்பிய பின் அவருடைய கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. 1971 வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. இதற்கிடையில் புறக்கணிப்பு பற்றிய அவர் கருத்தும் மாறியது. பிரிந்திருக்கும் கூட்டத்தின் முன்னாலாவது பேசுவது மௌனத்தைவிட மேல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதை அவருடைய தடுமாற்றம் என்று கண்டித்தவர்கள் உண்டு. எனக்கு அது தடுமாற்றமாகத் தோன்றவில்லை. 1962இல் புறக்கணிக்கக் கேட்டபோது கலந்து நடிப்பதற்கான வழி ஒன்று மிச்சமிருந்தது, 1965க்குப் பின் அதுவும் அடைபட்டுவிட்டது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு மேடைகளில் நாடகம் வேறு உயிர் எடுத்தது. 1963இல் லண்டனில் ஜான் பெர்ரி இயக்க, மொகாயுடன் இயன் பானன் மாரிஸாக நடித்தார். வரவேற்பு சுமார்தான், விமர்சகர் கென்னத் டைனன் கடுமையாகவே எழுதினார். 1964இல் நியூயார்க்கின் கிரிக்கெட் அரங்கில், அதே பெர்ரியின் இயக்கத்தில், ஜே. டி. கேனனும் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸும் ஏற்று நடித்தபோது அது வெற்றி பெற்றது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில் அமெரிக்கக் கூட்டத்துக்குப் பிரித்துவைத்தலைப் பற்றி விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. லண்டனில் அந்தப் பின்புலம் இல்லாததால் முதல் பாதியின் நீண்ட வீட்டுப் பேச்சுகள் வெறும் பேச்சுகளாகவே நின்றிருக்க வேண்டும்.

நீளம் ஓர் உண்மையான சிக்கல். முதல் மேடையேற்றம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடியது. 1985இல் யேல் ரெபர்டரி அரங்கில் ஃபியூகார்டும் மொகாயும் மீண்டும் அதே பாத்திரங்களை ஏற்றபோது, பிரதி கணிசமாகக் குறைக்கப்பட்டு, தலைப்பின் முன்னொட்டும் நீக்கப்பட்டு ‘ப்ளட் நாட்’ ஆனது. அந்த டிசம்பரில் பிராட்வேயின் கோல்டன் அரங்குக்கும் சென்றது. ஐம்பதைக் கடந்த இரண்டு நடிகர்கள். இளைஞர்கள் நடித்தபோது பேனா நட்பு ஆசையின் கதையாக இருந்தது. இவர்கள் நடித்தபோது அது காலம் கடந்துவிட்ட இருவரின் கடைசி விளையாட்டாக மாறியது. மொகாய்க்கு இடையிலான ஆண்டுகள் பெரும்பாலும் அயலகத்தில் கழிந்திருந்தன. சுருக்கியதில் நாடகம் இறுக்கமானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கடிகாரம் திரும்பத் திரும்ப அடிக்கும் அந்தச் சலிப்பைப் பார்வையாளர்களும் அனுபவிக்க வேண்டியிருந்தது முதல் வடிவத்தின் ஒரு பகுதி. வெட்டும் இயக்குநர் வீட்டு வேலைகளைக் குறைப்பதைவிடப் பேச்சில் வரும் தத்துவ விளக்கங்களைக் குறைப்பதே நல்லது.

பிரதியில் எனக்கு நெருடும் இடம் ஒன்று உண்டு. சொற்கள் மாரிஸிடமே குவிந்திருக்கின்றன. படிப்பவன் அவன், எழுதுபவன் அவன், கணக்கு வைப்பவனும் குற்ற உணர்வால் வாடுபவனும் அவனே. சகரையாவின் அறியாமை சில இடங்களில் கூட்டத்தின் சிரிப்புக்காகப் பயன்படுத்தப்படுகிறது. வெள்ளையாசிரியர் ஒருவரின் மனசாட்சி நாடகம் என்று இதைச் சொல்பவர்களின் வாதத்துக்கு இங்கே பிடி கிடைக்கிறது. ஆனால் அந்த வாதத்துக்கு எதிராக நிற்பது, இரவில் மாரிஸ் தூங்கும்போது சகரையா அந்தக் கனவான் உடுப்பைத் தானே அணிந்துகொண்டு, இறந்த தாயிடம் தனியே பேசும் காட்சி. கோட்டு அவனுக்கு அளவாக இல்லை. தாய்க்குத் தன்னில் அழகு தெரிந்ததா என்று அவன் கேட்கும்போது, மாரிஸின் மொழித் திறனால் எட்ட முடியாத ஓர் இடத்துக்கு நாடகம் போகிறது. மொகாயின் நடிப்பு எங்கே வேரூன்றியது என்று கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். இதை அவசரமாகக் கடந்துபோகும் மேடையேற்றத்தில் சகரையா வெறும் அடிபடுபவனாக முடிந்துவிடுகிறான்.

2012இல் நியூயார்க்கின் சிக்னேச்சர் அரங்கில், ஃபியூகார்டே இயக்க, கோல்மன் டொமிங்கோ சகரையாவாகவும் ஸ்காட் ஷெப்பர்ட் மாரிஸாகவும் நடித்தார்கள். மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1991இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், அரங்கில் இருந்த இளைஞர்களுக்கு மாரிஸ் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்பது வரலாற்றுப் பாடம் மட்டுமே. அதனால் இன்றைய இயக்குநர் முன்னால் 1961இல் இல்லாத கேள்விகள் நிற்கின்றன. மாரிஸாக வெள்ளையரை நடிக்கவைப்பதா, வெளிர்நிறம் கொண்ட கலப்பினத்தவரை நடிக்கவைப்பதா? பின்னதே கதைக்கு நேர்மையானது; இருவரின் முகச் சாயலிலும் ஓர் ஒற்றுமையைக் காட்ட முடியும், சகோதரர்கள் என்பதை நம்பவைக்கவும் முடியும். ஆனால் ஃபியூகார்டின் உடலால் கடைசிக் காட்சிக்குக் கிடைத்த இரட்டை அடி அப்போது கிடைக்காது. அதை ஒளியமைப்பால் ஓரளவு ஈடுகட்டலாம் என்பது என் எண்ணம். அறைக்குள் விளக்கின் மஞ்சள் ஒளியில் இருவரின் தோலும் ஒன்றையொன்று நெருங்கி நிற்க, உடுப்பணிந்து ஆடும் காட்சியில் மட்டும் பூங்காவின் நடுப்பகல் வெயில்போல் வெண்மையான, இரக்கமில்லாத ஒளி விழுந்தால், அதுவரை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நிற வேறுபாடு மேடையிலேயே உருவாவதைக் கூட்டம் பார்க்கும். முகத்தில் மாவு பூசி மாரிஸை வெளுக்கவைப்பதை மட்டும் செய்யக் கூடாது. உடுப்பும் நடையும் குரலும் பார்வையும்தான் அவனை வெள்ளையனாக்குகின்றன என்று பிரதியே சொல்கிறது. அதை நடிகர் தன் முதுகெலும்பால் செய்ய வேண்டும்.